பனியில் தூண்டில் போட்டவர்

நான்கே வரி. வரிக்கு ஐந்து எழுத்து. மொத்தம் 20 எழுத்துகள்தான். எழுதி 1,200 ஆண்டுகள் ஆகியும் சீனப் பள்ளிக் குழந்தைகள் இன்றும் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ‘ஆற்றுப் பனி’ என்பது கவிதையின் பெயர். எழுதியவர் தாங் வம்சக் காலத்துக் கவிஞர் லியு சோங்யுவான் (773-819).

கவிதையில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. எத்தனையோ மலைகள், ஒரு பறவைகூட இல்லை. எத்தனையோ பாதைகள், ஒரு காலடித் தடமும் இல்லை. ஆற்றில் ஒரே ஒரு படகு. அதில் மழையங்கியும் தொப்பியும் அணிந்த ஒரு கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான்.

ஆனால் சொற்களை அடுக்கிய விதத்தைப் பாருங்கள். பறவைகள் எங்கே போயின, ஆட்கள் ஏன் வரவில்லை என்று கவிஞர் சொல்வதே இல்லை. ‘பனி’ என்ற சொல்லைக் கடைசி எழுத்தாக வைத்திருக்கிறார். அங்கே வந்த பிறகுதான் முன்னால் படித்த மலையும் பாதையும் நம் கண்ணில் வெள்ளை வெளேரென்று மாறுகின்றன. நான்கு வரிகளின் முதல் எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் ஆயிரம், பதினாயிரம், ஒற்றை, தனிமை என்று வரும்.

அந்தத் தனிமை அவர் அனுபவித்தது. 20 வயதிலேயே அரசுத் தேர்வில் வென்றவர் அவர். 805-ல் புதிய பேரரசரின் சீர்திருத்தக் குழுவில் சேர்ந்தார். அரண்மனைக்கு என்று சொல்லிச் சந்தையில் வியாபாரிகளின் சரக்கை அடிமாட்டு விலைக்கு அள்ளிச் சென்ற வழக்கத்தை அந்தக் குழு நிறுத்தியது. ஆனால் பேரரசர் நோயாளி. சில மாதங்களிலேயே பதவி விலகினார். குழுவினர் ஆளுக்கொரு மூலைக்குத் துரத்தப்பட்டனர்.

லியுவுக்குக் கிடைத்தது தெற்கே யோங்ஜோ. பெயருக்கு ஒரு பதவி, தங்க வீடு இல்லை. ஒரு புத்தக் கோயிலில் ஒண்டிக்கொண்டார். கூட வந்த வயதான தாய் அடுத்த ஆண்டே இறந்துபோனார். பத்து ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. இந்தக் கவிதை அப்போது எழுதியது என்பார்கள்.

அந்தப் பக்கம் பனி பெய்வதே அபூர்வம். ஒரு குளிர்காலத்தில் பெரும்பனி கொட்டியபோது, அதைப் பார்த்தே இராத தெற்கத்தி நாய்கள் நாள்கணக்கில் குரைத்துக்கொண்டு ஓடியதாக லியுவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

815-ல் தலைநகருக்கு அழைப்பு வந்தது. விடிவு வந்தது என்று நினைத்தால், இன்னும் தொலைவில் உள்ள லியுஜோவுக்கு ஆளுநராக அனுப்பினார்கள். நண்பர் லியு யூசிக்கு அதைவிட மோசமான ஊர். அவருக்கோ வயதான தாய் இருந்தார். “என் ஊரை அவருக்குக் கொடுங்கள், அவர் ஊருக்கு நான் போகிறேன்” என்று முன்வந்தார் லியு. தாயைப் பறிகொடுத்தவருக்குத்தானே அந்த வலி தெரியும்! கடைசியில் நண்பருக்குச் சற்று நல்ல ஊர் கிடைத்தது.

லியுஜோவில், கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளை அடகு வைக்கும் வழக்கம் இருந்தது. மீட்க முடியாவிட்டால் பிள்ளை அடிமை. செய்த வேலைக்குக் கூலி கணக்கிட்டு, அதைக் கடனில் கழிக்கச் சொன்னார் லியு. மற்ற ஊர்களும் இந்த முறையைப் பின்பற்ற, ஓராண்டில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வீடு திரும்பினார்கள் என்கிறது அவர் கல்லறைக்காக நண்பர் ஹான் யூ எழுதிய குறிப்பு.

தலைநகருக்குத் திரும்பாமலே, 46 வயதில் அங்கேயே இறந்தார்.

கவிதையை இப்போது ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கிழவருக்கு மீன் கிடைத்ததா என்று அதில் இல்லை. அவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியதாகவும் இல்லை.