காலண்டரில் இல்லாத கழுகு

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்கரச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். கங்கைகொண்டான் தாண்டியதும் நடுச்சாலையில் ஒரு நாய் அடிபட்டுக் கிடந்தது. அதைச் சுற்றி நாலைந்து காகங்கள். லாரி வந்தால் எத்தனை அடி விலக வேண்டுமோ அத்தனை அடி மட்டும் தத்தி விலகின. லாரி போனதும் திரும்பி வந்தன. மின்கம்பத்தில் கரும்பருந்து ஒன்று தன் முறைக்குக் காத்திருந்தது. "சீ, அங்க பாக்காதீய, சாப்பிடப் போற நேரத்துல" என்றாள் மனைவி.

வீட்டுச் சுவரில் சபை கொடுத்த காலண்டர் தொங்குகிறது. காத்திருப்போர் கழுகைப் போல எழும்புவார்கள் என்னும் ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம், பக்கத்தில் வெள்ளைத் தலையும் மஞ்சள் அலகுமாக ஒரு கழுகு. அது அமெரிக்கக் கழுகு. ஏசாயா அதைக் கண்ணால் கண்டிருக்க வழியே இல்லை. எபிரேயத்தில் உள்ள சொல் 'நெஷெர்'. அது பாறுக் கழுகை, அதாவது பிணந்தின்னிக் கழுகைக் குறிக்கும் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். துக்கத்துக்குத் தலை மழிக்கச் சொல்லும் மீகா தீர்க்கதரிசி, நெஷெரைப் போல மொட்டையாகும்படி சொல்கிறார். பிணத்துக்குள் தலையை நுழைத்துத் தின்கிற பறவைக்குத்தான் அந்த மொட்டை பொருந்தும். (காலண்டர்க் கழுகு மட்டும் சைவமா என்ன? ரோட்டில் அடிபட்ட மானை அதுவும் தின்னும்.)

லேவியராகமம் 11இல் புசிக்கத் தகாத பறவைகளின் பட்டியல் இந்தக் கழுகில்தான் தொடங்குகிறது. ஆனால் எகிப்திலிருந்து ஜனத்தைச் சுமந்து வந்ததைச் சொல்ல, யாத்திராகமம் 19இல் கர்த்தர் எடுத்துக்கொண்ட உவமையும் இதன் செட்டைகள்தான். எந்தப் பிரசங்கத்திலும் இந்த இரண்டையும் சேர்த்து நான் கேட்டதில்லை. காகமும் அதே பட்டியலில் இருக்கிறது. கேரீத் ஆற்றண்டையில் எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது அதுதான். அந்த இறைச்சி எங்கே கிடைத்தது என்று எலியா விசாரித்ததாக எழுதியில்லை. கவலைப்படாதிருங்கள் என்ற இயேசுவின் போதனையில், மத்தேயு பொதுவாகப் பறவைகள் என்று சொன்ன இடத்தில் லூக்கா காகம் என்றே பேர் சொல்கிறார்.

பாறுக் கழுகை நான் பார்த்தது ஒரே முறை, மசினகுடி பக்கம், மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே. செட்டை அசையாமல் வட்டமிட்டு ஏறிக்கொண்டே போனது. ஏசாயா இதைத்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது. நம் சாலையோரத்தில் அதை ஏன் காணோம்? மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் முக்கியக் காரணம். அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 1990களில் தொடங்கிய இந்தச் சாவில் வெண்முதுகுப் பாறு மட்டும் இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது. காரணம் தெரிந்தது 2004இல். கால்நடைக்கு அந்த மருந்தைத் தடுத்தது 2006இல். அதற்குள் செத்த மாடெல்லாம் நாய்க்கு என்றாகி, நாய்கள் பெருகின. ஆந்த்ராக்ஸ் கிருமியையும் செரித்துவிடும் வயிறு கழுகுக்கு உண்டு, நாய்க்குக் கிடையாது.

அடுத்த வருஷக் காலண்டர் சீக்கிரமே அச்சுக்குப் போய்விடும். சபைச் செயலர்களே, வசனம் அப்படியே இருக்கட்டும், படத்தை மட்டும் மாற்றுங்கள். மொட்டைக் கழுத்துக்காரனைப் போடுங்கள்.