இறுக்கினால் மட்டும் போதுமா, பாஸ்?



"நல்லா இறுக்கிட்டேன், இனி ஆயுசுக்கும் கழராது." பழைய ஹொண்டா சீடி 125, சி 90 வைத்திருப்பவர்கள் கராஜில் அடிக்கடி கேட்கும் வசனம். இந்தப் பெருமைதான் பழைய பைக்குகளைக் கொல்கிறது.

இறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் போலச் சற்று நீள்கிறது. அந்த இழுவைதான் பாகங்களைப் பிடித்து வைக்கிறது. அளவு தாண்டினால் அது நிரந்தரமாக இழுபட்டுவிடும், கடைசியில் அறும். அதற்கு முன்பே எஞ்சினின் அலுமினிய மரை கழன்று வரலாம். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். நீளமான ஸ்பனரில் முழுப் பலத்தையும் கொடுத்தால் அது பல மடங்காகும். ஹெட் நட்டுகளைக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஹெட் வளையும், கேஸ்கட் கசியும்.

"வாப்பா காலத்துல டோர்க் ரெஞ்ச் இருந்ததா?" என்பார்கள். அன்று பாகம் கடையில் கிடைத்தது. இன்று இன்னொரு பழைய பைக்கிலிருந்துதான் கழற்ற வேண்டும்.

அனுபவப்பட்ட கைக்கு அளவு தெரியும், ஏற்கிறேன். ஆனால் ஓ/எல் எழுதிவிட்டு உங்களிடம் வேலை பழக வரும் பிள்ளைக்குத் தெரியாதே! அவன் பழகுவது உங்கள் கையின் அளவை அல்ல, நீங்கள் முக்கி இறுக்குவதை.

நம்பி விட்டுப்போகும் பைக் ஓர் அமானிதம். கராஜுக்கு ஒரு டோர்க் ரெஞ்ச் வாங்குங்கள். பைக் கொடுப்பவர்களே, நீங்களும் "நல்லா இறுக்குங்க" என்று சொல்வதை நிறுத்துங்கள். "அளவா இறுக்குங்க" என்று சொல்லிப் பழகுங்கள்.