காபி என்று சொல்லி எதை விற்கிறோம்?

சென்ற மாதம் ஒரு மாலை நேரம். மதுரை கீழமாசி வீதியில் எங்கள் கடைக்கு மொத்த வியாபாரத்தோடு முன்புறம் கொஞ்சம் சில்லறையும் உண்டு. காபி அரவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பெண், தாயாருடன் வந்து நின்றார். தாயார் வழக்கம்போல, "அரைக் கிலோ பீபரி, சிக்கரி வேண்டாம்" என்றார். பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்த மகள், "அண்ணாச்சி, காபியில எதுக்குப் பட்டாணி கலக்குறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

நாம் சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் கேள்வியில் தப்பில்லை. அந்தப் பெயரின் முதல் பாதி ஆங்கிலத்தில் பட்டாணியைத்தான் குறிக்கிறது. காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டைகள், தட்டையான முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். நூற்றில் ஐந்து பத்துப் பழங்களில் மட்டும் ஒரே கொட்டை தனியாக வளர்ந்து பட்டாணி மாதிரி உருண்டு விடுகிறது. அதுதான் பீபரி. இரண்டு வகைக் கொட்டையையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினோம். அந்தப் பெண் திருப்தியோடு போனார்.

அவர் போனபின் எங்கள் பையனைக் கூப்பிட்டு, "நாலு வருஷமாக அள்ளிப் போடுகிறாயே, பீபரி என்றால் என்ன?" என்று கேட்டோம். "கொடைக்கானல் பக்கம் ஒரு ஊருங்க அண்ணாச்சி" என்றான். பையனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நாம் சொல்லிக் கொடுத்தால் அல்லவா அவனுக்குத் தெரியும்?

நம் கடைகளில் வேறு எந்தச் சரக்குக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. துவரம்பருப்பைத் துவரம்பருப்பு என்கிறோம். மிளகாயில் குண்டு, நீளம் என்றால் வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். காபிக்கு மட்டும் தோட்டத் துரைமார்கள் வைத்த சொற்களை அப்படியே வாங்கி, அர்த்தத்தை அவர்களிடமே விட்டுவிட்டோம். பிளாண்டேஷன் என்றால் தோட்டம் என்று எண்ணுகிறவர்கள் நம்மிலேயே உண்டு. எல்லாக் காபியும் தோட்டத்தில்தானே விளைகிறது? வியாபாரத்தில் பிளாண்டேஷன் என்பது, பழத்தின் தோலை நீக்கித் தண்ணீரில் அலசிப் பக்குவம் செய்த அராபிகா. அதே முறையில் ரொபஸ்டாவைச் செய்தால் அதற்குப் பெயர் பார்ச்மெண்ட். பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தி உடைத்தால் செர்ரி. இந்த மூன்று வரியைக் கடைப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் ஆகாது. பட்டிவீரன்பட்டியிலிருந்து வரும் மூட்டையில் எழுதியிருப்பதை அவன் வாசித்துப் புரிந்துகொண்டால், இரண்டு சாக்கை மாற்றிக் கொட்டும் தவறும் குறையும்.

சொல் ஊர் ஊராகப் போனால் பொருள் மாறும் என்பதற்குக் காபியைப் போல ஒரு சாட்சி கிடையாது. அரபியில் கஹ்வா. துருக்கியில் கஹ்வே. டச்சுக்காரர் வாயில் கோஃபி. ஆங்கிலேயரிடம் காபி. நம்மிடம் காப்பியாகி மறுபடி காபியானது. இலங்கைத் தமிழர் இன்றும் கோப்பி என்கிறார்கள். அது டச்சு ஒலிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். குளம்பி என்று தமிழில் ஒரு பெயரும் வைத்துப் பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் கண்டிருக்கிறோம், கடையில் ஒருவரும் கேட்டதில்லை. மோக்கா என்பது ஏமன் நாட்டுத் துறைமுகம். ஒரு காலத்தில் உலகத்துக் காபியெல்லாம் அந்தத் துறை வழியாகத்தான் போனது. பாபா புதன் ஏழு கொட்டைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தது அங்கிருந்துதான் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்றைக்குக் குளிரூட்டிய கடையில் மோக்கா என்று கேட்டால் சாக்லேட் கலந்த காபி வருகிறது!

டிகாக்ஷன் என்ற சொல்லையும் பாருங்கள். மருந்தை நீரில் போட்டுக் காய்ச்சி இறக்கும் கஷாயத்துக்கு ஆங்கில வைத்தியர்கள் வைத்த பெயர் அது. நாம் பில்டரில் வெந்நீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறோமே தவிரக் காய்ச்சுவதில்லை. லண்டனில் போய் டிகாக்ஷன் கேட்டால் மருந்துக் கடையைக் காட்டினாலும் காட்டுவார்கள். டம்ளரும் அப்படித்தான். அடி உருண்டையாக இருந்து, கீழே வைத்தால் நிற்காமல் உருண்ட கண்ணாடிக் குவளைக்கு ஏற்பட்ட பெயர் அது. நம்மிடம் வந்து எவர்சில்வராகி டபராவுக்குள் நேராக உட்கார்ந்துகொண்டது. சுக்குக் காபியில் பல கடைகளில் சுக்கு உண்டு, மல்லி உண்டு, கருப்பட்டி உண்டு, காபிதான் இல்லை. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சுக்குக் காபி வாங்குகிறவருக்குத் தான் வாங்குவது என்ன என்று தெரியும்.

ஆங்கிலேயருடைய காபிப் பேச்சில் வியாபாரிகளாகிய நமக்கு ருசியான சங்கதிகள் உண்டு. 1680-களில் எட்வர்டு லாயிட் என்பவர் லண்டன் டவர் தெருவில் காபிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் சரக்குக்குப் பொறுப்பேற்கிறவர்களும் அங்கே கூடினார்கள். உலகம் அறிந்த லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ் சந்தை அந்தக் காபி மேசையில் பிறந்தது. கடைக்காரர் பெயரே நிறுவனத்தின் பெயராக நிற்கிறது. அதற்கு முன்பே, 1675-ல், இரண்டாம் சார்லஸ் மன்னர் காபிக் கடைகளில் அரசாங்கத்தைப் பற்றிப் பேச்சு அதிகமாகிறது என்று எல்லாவற்றையும் மூட உத்தரவிட்டார். எதிர்ப்பு கிளம்பியது. உத்தரவு நடைமுறைக்கு வரும் முன்பே மன்னர் அதைத் திரும்பப் பெற்றார். சங்கத்து நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

காபி பிரேக் என்று அலுவலகங்களில் சொல்கிறார்களே, அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது 1952-ல் பான் அமெரிக்கன் காபி பீரோ என்ற காபி விளம்பர அமைப்பு செய்த பிரசாரம். வேலைக்கு நடுவே ஓய்வு முன்பும் இருந்தது. அதற்குக் காபியின் பெயரைச் சூட்டியது வியாபார மூளை. 'எழுந்து காபி வாசனையை முகர்ந்து பார்' என்று அமெரிக்கர்கள் சொன்னால், கண்ணைத் திறந்து நடப்பைப் பார் என்று பொருள். நமக்கு இதில் கூடுதலாக ஓர் அர்த்தமும் உண்டு. அரவை மிஷினைக் கடையின் முன்னால் வைப்பது எதற்காக? தெருவில் போகிறவர் மூக்குக்குத் தானே அழைப்பு அனுப்புகிறோம்.

இப்போது புதுச் சொற்கள் வருகின்றன. எஸ்பிரெஸ்ஸோ என்றால் அழுத்திப் பிழிந்தது. கப்புச்சினோ, கப்புச்சின் துறவிகளின் பழுப்பு அங்கியின் நிறத்தால் வந்த பெயர். லாத்தே என்றால் இத்தாலியில் வெறும் பால்தான். இந்தச் சொற்களைச் சொல்லித்தான் ஒரு குவளையை நம் கால் கிலோ பொடியின் விலைக்கு விற்கிறார்கள். அவர்களைக் கண்டு பொறாமைப்பட நாம் இதை எழுதவில்லை. அந்தக் கடைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கொட்டை எந்த மலை, எந்த வகை, எவ்வளவு வறுத்தது என்று பலகையில் எழுதி வைக்கிறார்கள். நம் பலகையில் என்ன இருக்கிறது? ஸ்பெஷல், சூப்பர் ஸ்பெஷல், டிகிரி.

டிகிரி காபிக்கு ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். பால்மானியில் பாலின் டிகிரி பார்த்ததால் என்பார் ஒருவர். முதல் டிகாக்ஷன் முதல் டிகிரி என்பார் இன்னொருவர். சிக்கரி என்ற சொல்லே திரிந்து டிகிரியானது என்பார் மூன்றாமவர். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கும்பகோணம் டிகிரி காபிப் பலகை நிற்கிறது. குவளையில் ஊற்றிக் கொடுக்கும் காபிக்கு அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். குடிக்கிறவர் நாக்கு உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். பொடியை எடைபோட்டு விற்கும் நாம் அந்தப் பெயரைச் சாக்கில் எழுதலாமா என்பதுதான் விஷயம். டிகிரி என்றால் கொட்டை எத்தனை, சிக்கரி எத்தனை? ஸ்பெஷல் என்றால் எத்தனை?

சிக்கரியை நாம் தூற்றவில்லை. அது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விவசாயிகள் பயிர் செய்கிறார்கள். நெப்போலியன் காலத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பலில் காபி வருவது நின்றபோது அந்த மக்கள் இந்த வேரைத்தான் வறுத்துக் குடித்தார்கள். டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். பால் அதிகம் ஊற்றிக் குடிக்கும் நம் வழக்கத்துக்கு ஒரு பங்கு சிக்கரி பிடிக்கிறது என்று கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். கேட்டு வாங்கினால் அது ருசி. கேட்காமல் கலந்தால் அதற்குப் பெயர் வேறு.

இங்கே எங்கள் சொந்தக் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். 1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து உலகமெங்கும் காபி விலை தாறுமாறாக ஏறியது. எங்கள் கடையில் 'ஸ்பெஷல்' என்றால் எண்பது கொட்டை, இருபது சிக்கரி. விலையை ஏற்றினால் வாடிக்கை போய்விடும் என்று பயந்து, விலையை அப்படியே வைத்துச் சிக்கரியை முப்பத்தைந்தாக்கினோம். யாரிடமும் சொல்லவில்லை. பலகையில் ஸ்பெஷல் ஸ்பெஷலாகவே இருந்தது. இரண்டு மாதம் ஓடியது.

பல வருடங்களாக எங்களிடம் வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் வந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று கொடுத்தோம். பையிலிருந்து எங்கள் பொடியையே எடுத்து நீரின் மேல் தூவினார். காபித் தூள் மிதந்தது. சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது. நாம் பார்க்கும் வரை காத்திருந்தார். "பேரை மட்டும் மாத்தலையே தம்பி" என்றார். சத்தம் போடவில்லை. தெருவில் யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை. பிறகு அவர் எங்கள் படி ஏறவில்லை. அப்பா அப்போது இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாலையில் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தவர் அன்று இரவு எங்களோடு பேசவே இல்லை.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024-ல் ரொபஸ்டா விலை ஏறி, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்த ஏற்றம் நம் கல்லாப்பெட்டி வரை வந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். 1994-ல் எங்களுக்கு வந்த அதே யோசனை இப்போது எத்தனை கடைகளில் வந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா? கொட்டைக்கும் சிக்கரிக்கும் விலை வித்தியாசம் விரியும்போது சபலம் வருவது இயற்கை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். ஆனால் அந்த வாசகம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். நம் அம்மாமார்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்? முன்பக்கம் ஆவி பறக்கும் டம்ளர் படமும் 'பில்டர் காபி' என்ற கொட்டை எழுத்தும் தெரிகின்றன. 47, 49 என்ற சிக்கரிக் கணக்கு பொடி எழுத்தில் ஒரு மூலையில். பெரிய கம்பெனிகள் சட்டப்படிதான் செய்கின்றன. அவர்களைக் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. அரைத்துக் காகிதப் பையில் கட்டிக் கொடுக்கும் நம் கடையில் அந்த மூலை எழுத்தைக்கூடக் காணோம் என்பதுதான் வெட்கம்.

எங்கள் கடையில் இந்த வருடம் முதல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறோம். பிளாண்டேஷன், பீபரி, ரொபஸ்டா என்று கொட்டையின் அன்றைய விலை, சிக்கரியின் விலை, தனித்தனியே தமிழில். வாங்குகிறவர் "எழுபதுக்கு முப்பது" என்று சொன்னால் அவர் கண்ணெதிரே இரண்டையும் தனித்தனியாக நிறுத்துக் கலந்து அரைக்கிறோம். ஸ்பெஷல் என்ற சொல்லை அழித்துவிட்டோம். முதல் மாதம் விற்பனை சற்றுக் குறைந்தது உண்மை. விலையைப் பார்த்துவிட்டுச் சிலர் பாக்கெட்டுக்குப் போனார்கள். சிலர், "இவ்வளவு நாள் இதில் சிக்கரி இருந்ததா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வது சுகமாக இல்லை. மூன்றாம் மாதம் பழைய அளவு வந்தது. சிக்கரியைத் தாமே குறைத்துக்கொண்டு, நூறு கிராம் கொட்டை கூடுதலாக வாங்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வெளியூர்க் கடைகளுக்குக் கலந்த பொடி அனுப்பும்போது பில்லில் 'காபி பவுடர்' என்று மட்டும் போடுகிறோம். எங்கள் பில்லிலும் போன வருடம் வரை அப்படித்தான். இப்போது 'காபி 70, சிக்கரி 30' என்று எழுதுகிறோம். வாங்கும் கடைக்காரர் நாளைக்கு அதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ பதில் சொல்ல வேண்டியவர். அவர் கையில் நம் எழுத்து இருக்கட்டும்.

கரும்பலகைக்கான தமிழ் வாசகத்தையும், பீபரி, பிளாண்டேஷன், பார்ச்மெண்ட், செர்ரி என்ற சொற்களுக்குக் கடைப் பையன்கள் படிக்கும்படி நாலு வரி விளக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறோம். அச்சிட்டு ஒட்டுவதற்குச் சங்கம் ஏற்பாடு செய்தால் காகிதச் செலவு எங்களுடையது.