எந்த ஊர்க்காரன் என்று கேட்காதீர்கள்!

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர்.

அந்த ஊர்ப் பொம்மையை வாங்கிக் கொலுவில் வைப்பவர்கள், "இது எந்த ஊர் மண்?" என்று விசாரிப்பதில்லை. வேலைப்பாடு நன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

மனிதனிடம் மட்டும் முதலில் ஊரைக் கேட்கிறோம். இது சரிதானா?

ஹைத்தியில் இருந்து...

சோனி நார்டேயின் கதையைப் பாருங்கள்.

கரீபியன் கடலில் உள்ள ஹைத்தி நாட்டில் 1989-ல் பிறந்தவர். அர்ஜென்டினா சென்று, மரடோனா ஆடிய போகா ஜூனியர்ஸ் கிளப்பின் இளைஞர் அணியில் தேறினார். மெக்சிகோவில் ஆடினார். பிறகு வங்காளதேசம். அங்கிருந்து 2014-ல் கொல்கத்தா மோகன் பகான் அணிக்கு வந்து சேர்ந்தார்.

13 ஆண்டு ஏக்கம்

மோகன் பகான் தேசிய லீக் பட்டம் வென்று அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2015 மே 31. பெங்களூரில் கடைசி ஆட்டம். 'டிரா' செய்தாலே பட்டம். ஆனால், பெங்களூர் அணி ஒரு கோல் போட்டு முந்திவிட்டது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி.

நார்டே கார்னரில் இருந்து பந்தை உதைத்தார். பெல்லோ ரசாக் தலையால் முட்டினார். கோல்!

பந்தைக் கொடுத்தவர் ஹைத்திக்காரர். கோல் போட்டவர் நைஜீரியாக்காரர். ஆனந்தக் கண்ணீர் விட்டவர்கள் வங்காளிகள்!

காலே மூலதனம்

பந்தாட்டக்காரனுக்குக் காலே மூலதனம். முழங்காலில் காயம் பட்டு, 2018-ல் நார்டே அணியை விட்டுப் போக நேர்ந்தது. அதே ஆண்டில் திரும்பி வந்தார். 2019-ல் அஜர்பைஜான், பிறகு மலேசியா என்று பயணம் தொடர்ந்தது. ஊர் ஊராகப் போய் உழைத்துப் பிழைப்பவனுக்கு இதுதான் நிலை.

"வெளிநாட்டார் வந்தால் நம் பையன்களுக்கு இடம் போகிறதே?" என்கிறார்கள்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. கோல் போடும் இடங்களில் பெரும்பாலும் அயல்நாட்டாரே ஆடுகிறார்கள். ஆனால், அதற்குப் பரிகாரம் கதவைச் சாத்துவது அல்ல. விருத்தாசலம் போன்ற ஊர்களில் நல்ல மைதானமும் பயிற்சியாளரும் இருந்தால், நம் பையன்களும் போட்டி போட்டு இடம் பிடிப்பார்கள்.

நம் பையன்

2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பைப் போட்டியில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து கிடைத்த வெற்றி. அந்த ஒரே கோலைப் போட்டவர் சென்னை நந்தகுமார்!

கொல்கத்தாவுக்கு அவரும் வெளியூர்க்காரர்தானே? ஆனாலும் தோளில் தூக்கி ஆடவில்லையா?

விருத்தாசலம் ஜங்ஷனில் பெட்டியோடு ரயில் ஏறி, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகிறார்கள் நம் பிள்ளைகள். அங்கே அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே இங்கே வருகிறவனை நாம் நடத்த வேண்டும்.

ஊரைக் கேட்க வேண்டாம். உழைப்பைப் பார்ப்போம்!