பூமிக்கு என்ன வயசு?

பூமி எந்தத் தேதியில் பிறந்தது என்று கேட்டால், பளிச்சென்று பதில் சொன்ன ஒருவர் இருந்தார். அயர்லாந்தில் ஆர்மா நகரத்து ஆர்ச்பிஷப் ஜேம்ஸ் அஷர். 1650-ல் லத்தீனில் அவர் வெளியிட்ட புத்தகத்தின்படி, படைப்பு ஆரம்பமானது கி.மு. 4004, அக்டோபர் 23-க்கு முந்தின சாயங்காலம். நட்சத்திரம், லக்னம் மட்டும்தான் பாக்கி!

ரொம்பச் சிரிக்காதீர்கள். அஷர் நிறையப் படித்த மனுஷர். பைபிளில் யாருக்கு எத்தனை வயசில் யார் பிறந்தார் என்ற வம்சாவளியைக் கூட்டி, பாபிலோன், பாரசீக ராஜாக்களின் ஆட்சிக் காலத்தோடு பொருத்திப் பார்த்து, வருஷக்கணக்கில் உழைத்துப் போட்ட கணக்கு அது. கெப்ளரும் நியூட்டனுமேகூட கி.மு. 4000 பக்கம்தான் வந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் கையிலிருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கணக்கு இன்னும் ரிடையர் ஆகவில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2007-ல் ஒரு 'படைப்பு மியூஸியம்' திறந்தார்கள். உள்ளே போனால் குழந்தைகளும் டைனோசரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி நிற்கிறார்கள். 2016-ல் அதே மாநிலத்தில் 510 அடி நீளத்துக்கு நோவாவின் பேழையையே கட்டிவிட்டார்கள். அதிலும் கூண்டுக்குள் டைனோசர் உண்டு. 2024-ல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், மனிதனைக் கடவுள் கடந்த 10,000 வருஷத்துக்குள் இப்போதிருக்கும் உருவத்திலேயே படைத்தார் என்று சொன்ன அமெரிக்கர்கள் 37 சதவிகிதம். நிலவுக்கு ஆள் அனுப்பிய தேசம்!

இதைக் கிறிஸ்தவம் வெர்சஸ் ஸயன்ஸ் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். பெருவெடிப்புக் கொள்கைக்கு அஸ்திவாரம் போட்ட லெமேத்ரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

ஸயன்ஸும் இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறது. மகா பெரிய பௌதிக நிபுணர் லார்ட் கெல்வின், கொதித்துக் கிடந்த பூமி ஆறுவதற்கு எத்தனை காலமாகும் என்று கணக்குப் போட்டார். 1862-ல் 2 கோடியிலிருந்து 40 கோடி வருஷம் என்றவர், 1897-ல் 4 கோடிக்கு மேல் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பூமியின் உள்ளே சூடான பாறை மெள்ளப் புரண்டு உஷ்ணத்தை மேலே கொண்டுவரும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1895-லேயே அதைச் சுட்டிக்காட்டியவர் ஜான் பெர்ரி. கெல்வினிடமே அசிஸ்டென்ட்டாக இருந்தவர்! குருவின் கணக்கை சிஷ்யன் திருத்தலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் சௌகரியம்.

சரி, இப்போது போடும் கணக்கை மட்டும் எப்படி நம்புவது? ஒரே ஒரு கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லை. ஐரோப்பாவில் பழைய மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி எண்ணியதில் 12,000 வருஷம் தாண்டுகிறது. அன்டார்க்டிகாவில் துளை போட்டு எடுத்த பனிக்கட்டி 8 லட்சம் வருஷம் பேசுகிறது. 1987-ல் நாம் பார்த்த சூப்பர்நோவாவின் வெளிச்சம் கிளம்பியது சுமார் 1,68,000 வருஷத்துக்கு முன்னால்.

"அந்தக் காலத்தில் யுரேனியம் வேகமாகச் சிதைந்திருக்கலாமே?" என்பார்கள். நல்ல கேள்விதான். கோடிக்கணக்கான வருஷச் சிதைவு 6,000 வருஷத்தில் நடந்திருந்தால், அந்தச் சூட்டில் பூமியே உருகியிருக்கும். நோவாவுக்குத் தண்ணீர் இருந்திருக்காது, வெந்நீர்கூட மிஞ்சியிருக்காது.

"பூமிக்கு ஆறாயிரமோ அறுநூறு கோடியோ, என் வீட்டு அரிசி விலை குறையப்போகிறதா?" என்று கேட்பவர்களுக்குத்தான் க்ளேர் பாட்டர்ஸனின் கதை.

பாட்டர்ஸன் அமெரிக்க வேதியியல்காரர். யுரேனியம் சிதைந்து கடைசியில் ஈயமாக மாறுகிறது. விண்கல்லில் இருக்கும் ஈயத்தை ரகம் பிரித்து அளந்தால் பூமியின் வயசு கிடைத்துவிடும். ஆனால் அளக்க உட்கார்ந்தால், எங்கு பார்த்தாலும் ஈயம்! காற்றில், தூசியில், தலைமுடியில். லேபை மாய்ந்து மாய்ந்து சுத்தம் செய்தார். 1956-ல் விடை வந்தது: சுமார் 455 கோடி வருஷம். அந்த எண் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். 'இத்தனை ஈயம் எங்கிருந்து வந்தது?' என்று கிளறினார். க்ரீன்லாந்தில் வருஷத்துக்கு ஒன்றாக உறைந்த பனி அடுக்குகளை வெட்டிப் பார்த்தால், பழைய அடுக்கில் ஈயம் சொற்பம். 1940-க்குப் பிறகு கிடுகிடுவென்று ஏற்றம். முக்கியக் குற்றவாளி, பெட்ரோலில் கலந்த ஈயம். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் சரக்கு. 1965-ல் எழுதினார். கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆராய்ச்சிப் பணம் நின்றது. 1971-ல் காற்றில் ஈயம் பற்றி அறிக்கை தந்த கமிட்டியில் அவருக்கு நாற்காலி போடவில்லை. ஆனால் அளவு அளவுதான். அமெரிக்காவில் 1996-ல் சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் போடத் தடை வந்தது; பாட்டர்ஸன் அதற்குச் சில வாரம் முன்பு, 1995 டிசம்பரில் இறந்துபோனார். இந்தியாவில் 2000-ல் ஒழிந்தது. உலகத்தில் கடைசியாக 2021-ல் அல்ஜீரியாவில்.

பனி அடுக்கு வருஷத்தை எண்ணித் தராது என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொன்னால், ஈயத்துக்கு எதிரான அந்தச் சாட்சியையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பிடித்த விடைக்கு மட்டும் ஆஜராகச் சொல்ல, ஆதாரம் ஒன்றும் நம் சம்பளக்காரன் இல்லை.

2014 பிப்ரவரியில் அந்த மியூஸியத்திலேயே ஒரு பட்டிமன்றம் நடந்தது. மியூஸியத்தை நிறுவிய கென் ஹாம் ஒரு பக்கம், டி.வி. விஞ்ஞானி பில் நை இன்னொரு பக்கம். 'உங்கள் மனசை எது மாற்றும்?' என்று இருவரையும் கேட்டார்கள். ஆதாரம் ஒன்று காட்டினால் போதும் என்றார் நை. வேதவாக்கு பொய்யென்று யாராலும் தன்னை நம்ப வைக்க முடியாது என்றார் ஹாம். ஒளிவுமறைவில்லாத பதில். அதோடு பட்டிமன்றமும் முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

அஷர் இன்றைக்கு இருந்தால் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்? அந்தக் காலத்தில் கிடைத்த ஆதாரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்த மனுஷர். எனக்கென்னமோ, சத்தம் போடாமல் ஒரு கால்குலேட்டர் கேட்டு வாங்கியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.