வளையத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேனனின் 70-200 மி.மீ. எஃப்4 எல் லென்ஸ் 1999இல் வந்தது. எடை 705 கிராம். அதிர்வுத் தடுப்போடு 2006இல் வந்த அடுத்த பதிப்பு 760 கிராம். இரண்டின் பெட்டியிலும் ஹுட் இருந்தது, பை இருந்தது. லென்ஸைச் சுற்றிப் பிடித்து ட்ரைபாடில் மாட்ட உதவும் வளையமான ட்ரைபாட் காலர் மட்டும் இல்லை. அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நிகானும் இதே வழியில்தான் போனது. 2012இல் வந்த 70-200 எஃப்4, 2015இல் வந்த 300 மி.மீ. எஃப்4 பி.எஃப். ஆகிய இரண்டுக்கும் ஆர்டி-1 என்ற ஒரே காலர், அதுவும் தனி விலையில். அசல் காலர் ஒன்றின் விலைக்குச் சுமாரான ட்ரைபாடே வாங்கிவிடலாம். அப்படியிருக்க, ஐஷூட், ஜேஜேசி போன்ற சீனத் தயாரிப்புகள் அதில் சிறு பகுதி விலைக்குக் கிடைக்கும்போது நம்மவர்கள் அவற்றை வாங்குவதில் வியப்பில்லை. இந்தச் சந்தையை உண்டாக்கியவர்கள் லென்ஸ் கம்பெனிகள்தான். வாடிக்கையாளரின் கஞ்சத்தனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே அசலைத்தான் வாங்க வேண்டும் என்று இந்த இதழ் சொல்லப்போவதில்லை. ஒரு கிலோவை ஒட்டிய லென்ஸுக்கு மலிவான உலோகக் காலர் போதும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் மலிவு என்பதால் எதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பதில் நம்மிடையே குழப்பம் இருக்கிறது. நிறம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. காலர் படத்தில் விழப்போவதில்லை. கீல் ஆடுகிறது என்று திருப்பி அனுப்புகிறவர்களோ அரிது.

முதலில், தேவையா என்று பார்த்துவிடுவோம். 700 கிராம் லென்ஸை கேமராவின் அடியிலுள்ள துளையை நம்பி ட்ரைபாடில் மாட்டினால் மவுண்ட் பிய்ந்துவிடாது. வேகமான ஷட்டரில், கிடைமட்டமாக மட்டும் எடுப்பவருக்கும், பெரும்பாலும் கையில் பிடித்தே எடுப்பவருக்கும் காலர் வீண் சுமை. செங்குத்துச் சட்டகத்துக்குப் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது: பால் ஹெட்டைப் பள்ளத்தில் சாய்த்தால் மொத்த எடையும் ட்ரைபாடின் நடுவைவிட்டு வெளியே தொங்குகிறது, பிளேட்டுக்கும் கேமராவுக்கும் இடையே மெல்ல ஒரு சறுக்கல் ஏற்படுகிறது, சட்டகத்தை மறுபடி அமைக்க வேண்டியிருக்கிறது. இதோடு மிரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸை அடாப்டரோடு மாட்டுகிற வழக்கமும் சேர்ந்துகொண்டது. கேனனின் இஎஃப்-ஆர்எஃப் அடாப்டர் 24 மி.மீ., நிகானின் எஃப்டிஇசட் 30.5 மி.மீ. லென்ஸ் அந்த அளவுக்கு முன்னே தள்ளிப்போவதோடு, கூடுதலாக ஓர் இணைப்பும் நடுவில் வந்துவிடுகிறது. கேமராவோ முன்பைவிட இலேசாகிவிட்டது. நேற்றுவரை காலர் இல்லாமல் சமாளித்த அதே லென்ஸுக்கு இன்று காலர் தேவைப்படுவது இதனால்தான்.

சரி, தேவை என்றே வைத்துக்கொள்வோம். காலர் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும்? 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான். 300 மி.மீ. லென்ஸில் அது வானத்தில் ஏறத்தாழ 4 விகலைக் கோணம். காலர் ட்ரைபாடில் உட்காரும் பாதம் 6 செ.மீ. நீளம் என்றால், அதன் ஒரு முனை மற்றதைவிட 1.2 மைக்ரான் உயர்ந்தால் போதும், படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது அது. எந்த விலைக் காலரும், அசல் உட்பட, இந்த அளவுக்கு வளையாமல் இருக்காது. எனவே 'வளைகிறதா' என்ற கேள்வியை விட்டுவிடலாம். வளைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே கேட்க வேண்டியது.

வளைவது வேறு, நழுவுவது வேறு. உலோகம் வளைந்தால் கையை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அது அதிர்வு, சில நொடிகளில் அடங்கும். இணைப்பில் தளர்வு இருந்தால் திரும்பாது. தள்ளிய இடத்திலேயே நின்றுவிடும், அல்லது காற்றில் அங்குமிங்கும் போய்க்கொண்டே இருக்கும். வளைவை மிரர் லாக், எலக்ட்ரானிக் ஷட்டர், இரண்டு நொடி டைமர் ஆகியவற்றால் சமாளிக்கலாம். நழுவலுக்கு மருந்து இல்லை. மலிவான காலர்களில் மோசமானவை பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் தோற்கின்றன.

இதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். லென்ஸின் முன்விளிம்பை ஒரு விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிவிட்டு விடுங்கள். எழுத்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் நல்லது. திரும்பாவிட்டால் குற்றவாளி எங்கே என்று தேட வேண்டும்: காலருக்குள் உள்ள ஃபெல்ட் துணியா, பாதத்தை வளையத்தோடு இணைக்கும் திருகா, ட்ரைபாட் தலையா? தலைமீது பழி போடுவதற்கு முன் கேமராவையே நேரடியாக மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். அடுத்து, லென்ஸைச் சுண்டிவிட்டுப் படம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். கடைசியாக 1/4 முதல் 1/60 நொடி வரை ஒவ்வொரு வேகத்திலும் சில படங்கள். ஷட்டர் அதிர்வு அதிகம் தெரிவது அந்த எல்லைக்குள்தான். 1/500இல் எடுத்த கூர்மையான படத்தைக் காட்டி 'காலர் பிரமாதம்' என்று சொல்வதில் பொருளில்லை.

வாங்குமுன் கண்ணால் பார்க்க வேண்டியது பாதத்தின் கழுத்து. வளையத்திலிருந்து பாதத்துக்கு இறங்கும் அந்தத் தண்டின் தடிமன் இருமடங்கானால் அந்தத் திசையில் விறைப்பு எட்டு மடங்காகும். உயரம் இருமடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். இரண்டும் கன விகிதத்தில் போவதால், படத்தில் சிறியதாகத் தெரிகிற வித்தியாசம் கையில் பெரியதாகிவிடுகிறது. குட்டையான, தடித்த கழுத்து உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். விரல்கள் நுழைகிற உயரமான பாதம் தூக்கிச் செல்ல வசதிதான். அந்த வசதிக்கு விலை கூர்மையில் போகிறது. பாதம் தனித்துண்டாக இருந்தால் இரண்டு திருகுகளாவது வேண்டும். ஒற்றைத் திருகில் நிற்பது என்றைக்காவது சுழலும்.

ஒரு விஷயத்தில் மலிவுக் காலர் அசலை மிஞ்சிவிடுகிறது. கேனன் காலரின் பாதத்தில், ட்ரைபாட் தலையின் பிடிக்குள் நேரடியாக அமரும் ஆர்க்கா-சுவிஸ் வாட்டம் கிடையாது. அதன்கீழ் ஒரு பிளேட்டைத் திருக வேண்டும், அது இன்னோர் இணைப்பு. மூன்றாம் தரப்புக் காலர்கள் பலவற்றில் பாதமே பிளேட்டாகக் கடையப்பட்டிருக்கிறது. எங்கள் கணக்கில் இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றுக் காலரை விரும்பி வாங்கலாம். எச்சரிக்கை ஒன்று: ஏறத்தாழ 38 மி.மீ. அகலம் என்று எல்லோரும் சொன்னாலும், இந்த வாட்டத்துக்கு எல்லோரும் கட்டுப்பட்ட அளவு என்று ஒன்று இல்லை. திருகுப் பிடி எதையும் இறுக்கிக்கொள்ளும். நெம்புகோல் பிடி வைத்திருப்பவர்கள் சொந்தப் பிடியில் மாட்டி இழுத்துப் பார்க்காமல் கேமராவை ஒப்படைக்கக் கூடாது.

கூர்மையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், மலிவுக் காலரில் உண்மையான ஆபத்து லென்ஸ் கீழே விழுவதுதான். கீலும் குமிழும் சேர்ந்து மூடும் வளையத்தில், குமிழ் தற்செயலாகத் தளர்ந்தாலும் வளையம் திறக்காமல் தடுக்க இரண்டாவது ஏற்பாடு இருக்க வேண்டும்: குமிழை வெளியே இழுத்தால்தான் திறக்கும் என்பது போல. சில மலிவுக் காலர்களில் அது இல்லை. திருகின் கடைசிப் புரி விட்டதும் வாய் திறந்துகொள்ளும். செங்குத்திலிருந்து கிடைக்கு மாற்றக் குமிழைத் தளர்த்துகிற நேரத்தில்தான் இது நடக்கும், அதாவது நாள் முழுதும். கட்டில் மெத்தைக்கு மேலே பாதத்தைப் பிடித்துத் தூக்கி, குமிழை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இதில் தேறாத காலரை எந்த விலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். தேறினாலும் தோள்பட்டை வாரைக் காலரில் மட்டும் மாட்டாதீர்கள். கேமராவின் வார் வளையத்தோடு ஒரு பாதுகாப்புக் கயிறு இருக்கட்டும்.

பொருத்தத்துக்கு வருவோம். ஒரே கம்பெனியின் வெள்ளை லென்ஸ்களுக்கெல்லாம் ஒரே காலர் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. கேனனில் 70-200 எஃப்4, 400 மி.மீ. எஃப்5.6 ஆகியவற்றுக்கு ஏ2 வகை. 70-300 எல் லென்ஸுக்கு சி வகை. ஒன்று மற்றதில் அமராது. காலர் சற்றுத் தொளதொளவென்று இருந்தால் மெல்லிய ஃபெல்ட் ஒரு சுற்று ஒட்டிச் சரிசெய்யலாம். தடித்த ரப்பர் வைப்பது நழுவலை நாமே விலைக்கு வாங்குவது. இறுக்கமாக இருந்தால் எதுவும் செய்யாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். குமிழை முடுக்கிய பிறகு ஜூம் அல்லது ஃபோகஸ் வளையம் முன்பைவிடக் கனமாகச் சுழன்றால், காலர் லென்ஸின் உடலை நெரிக்கிறது என்று அர்த்தம்.

அசல் என்றால் எப்போதும் உயர்த்தி என்று எண்ணுவதற்கும் வரலாறு இடம் தரவில்லை. நிகானின் பழைய ஏஎஃப்-எஸ் 300 எஃப்4, 2013இல் வந்த 80-400 ஆகிய லென்ஸ்களோடு வந்த காலர்கள் ஆட்டத்துக்குப் பேர்போனவை. கிர்க் போன்ற அமெரிக்கப் பட்டறைகள் அவற்றுக்கு மாற்று செய்து விற்றன. அவை மலிவானவை அல்ல, ஆனால் அசலைவிடத் திடமானவை. மூன்றாம் தரப்பு என்ற சொல்லுக்குள் இப்படி இரண்டு துருவங்கள் இருக்கின்றன. இரண்டு கிலோவைத் தாண்டும் 200-600 வகை லென்ஸ்களில் வளையம் லென்ஸோடு சேர்ந்தே வருகிறது. அங்கே நாம் மாற்றுவது பாதத்தை மட்டும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காலருக்கு இடமே வைக்காத லென்ஸ்களும் உண்டு. 2017இல் சிக்மாவும் டாம்ரானும் எஸ்எல்ஆர் கேமராக்களுக்காக ஆளுக்கொரு 100-400 வெளியிட்டன, இரண்டும் 1.1 கிலோவை ஒட்டியவை. டாம்ரான், ஆர்க்கா வாட்டத்தோடு ஒரு காலரைத் தனியே விற்றது. சிக்மாவின் லென்ஸில் காலர் உட்காரும் இடமே இல்லை. 2020இல் மிரர்லெஸ் பதிப்பில்தான் அதைச் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட லென்ஸுக்கு 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' காலர் வாங்கி ஜூம் வளையத்தின்மேல் இறுக்குவது லென்ஸைக் கெடுக்கும். கேமராவின் அடியில் மாட்டி, லென்ஸின் முன்பகுதியைத் தாங்குகிற நீண்ட தட்டுத்தான் அதற்கு வழி.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளையத்தின் உள்விட்டம் மில்லிமீட்டரில், பாதத்தின் வாட்ட அகலம், வார்ப்பா கடைசலா, துளை கால் அங்குலமா 3/8 அங்குலமா: இந்த நான்கையும் பெட்டியின்மேல் அச்சிடுங்கள். 'புரொஃபஷனல்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் அதற்கு வேண்டிய இடம் கிடைத்துவிடும்.