கணக்கேடும் அதன் நகலும்

கணிப்பொறியிற் கணக்கெழுதும் வியாபாரிகள் இக்காலத்திற் பலர். அவர்களுடைய முறையீடு பெரும்பாலும் ஒன்றே. பட்டியல் போடுந் திரை மெதுவாய்த் திறக்கின்றது என்பதே அது. இதற்குப் பரிகாரமாக மென்பொருள் இயற்றுவோர் கையாளும் உபாயம் ஒன்றுண்டு. தலைமைத் தரவுத்தளம் தூரத்தே இருக்க, அதனிடமிருந்து ஒருமுறை பெற்ற விவரங்களின் நகலைக் கடையிலுள்ள கணிப்பொறியிலேயே வைத்துக்கொள்வர். ஆங்கிலேயர் இதனைக் ‘கேஷ்’ என்பர். (ரொக்கத்திற்கும் அதே ஒலியாதலின், கடைக்காரரிடம் ‘கேஷைத் துடைத்துவிடுங்கள்’ என்று சொல்வோர் சற்று எச்சரிக்கையாயிருத்தல் நலம்.) இவ்வுபாயம் வேண்டுவதே. ஆயின் எதனை நகலாக வைப்பது, எத்துணைக் காலம் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் மென்பொருள் இயற்றுவோர் அல்லர். கணக்கறிந்தவரே என்பது என் கருத்து.

முதலில் வேகத்தின் கணக்கைப் பார்ப்போம். தவளக்குப்பத்தில், கடலூர்ச் சாலையோரத்து மொத்த வியாபாரி ஒருவரின் தரவுத்தளம் மும்பையில் இருப்பதாகக் கொள்வோம். நேர்க்கோட்டிலேயே தூரம் 1,000 கிலோமீட்டருக்கு மேலாகும். கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே வினா சென்று விடை மீள 10 மில்லிவிநாடிக்குக் குறைய இயலாது. இழை வளைந்து செல்வதாலும் இடைநிலையங்களில் தாமதிப்பதாலும் 40 ஆகின்றதென்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாவிற்கு இது கண்ணிமைக்கும் நேரங்கூட அன்று. ஆயின் பட்டியலில் 50 சரக்குகள். ஒவ்வொன்றிற்கும் பெயர், விலை, வரி, இருப்பு எனத் தனித்தனியே நான்கு வினாக்கள். இவ்வாறு 200 வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சென்று மீள 8 விநாடி கழிகின்றது. இணைப்பின் கொள்ளளவை மும்மடங்காக்கினும் இக்காத்திருப்பு பெரிதும் குறையாது; மும்பை அங்கேயேதான் இருக்கின்றது! நகல் அருகிலிருப்பின் அவ்வளவும் நொடிப்பொழுதில் முடியும்.

அந்த 200 வினாக்களையும் ஒன்றாகத் தொகுத்து அனுப்பலாகாதோ என்று மாணவ நண்பர்கள் வினவலாம். ஆகும், அதுவே முதலிற் செய்யத்தக்கது. தொகுக்கச் சோம்பி எழுதிய நிரலின் குறையை நகலால் மறைப்பது, ஓட்டைக் குடத்திற்கு வண்ணம் பூசுவதே.

நிற்க. நகலின் தீங்கு யாதெனில், அது பழையதாதல். 2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு சேவை வரி விகிதங்கள் மாறின. பற்பசை, தலைக்கெண்ணெய், குளியற் சோப்பு முதலியவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆயிற்று. தலைமைத் தரவுத்தளத்தில் நள்ளிரவிலேயே விகிதத்தை மாற்றிவிட்டார்கள் என்று கொள்ளுங்கள். இரவில் அணைக்கப்படாத கடைக் கணிப்பொறியோ முந்தின நாள் நகலையே நம்பிக்கொண்டிருக்கும். ரூ.1,000 சரக்கிற்கு ரூ.50 வரி விதிக்கவேண்டிய இடத்தில் ரூ.180 விதிக்கும். திரை மட்டும் வெகு விரைவாகத் திறக்கும்! வாங்கிச் சென்ற சிறு கடைக்காரர் ரூ.130 மிகுதியாய்க் கொடுத்திருப்பார். பின்னர் கிரெடிட் நோட் எழுதித் திருத்தவேண்டும். இத்தகைய விரைவினால் அவருக்கு என்ன பயன்?

இதனை உணர்ந்தே அறிஞர் சில ஏற்பாடுகள் செய்துள்ளனர். ஆரக்கிள் நிறுவனத்தாரின் 11ஜி பதிப்பு 2007-இல் வந்தது. அதன்படி, தலைமையிடம் கடைசியாகப் பேசி 3 விநாடிக்கு மேலாகியிருப்பின், நகலைக் கொடுக்குமுன் மாற்றம் உண்டாவென்று விசாரிக்க வேண்டும். அந்த 3 விநாடி இயல்பாக வைத்த அளவு, வேண்டுவோர் மாற்றிக்கொள்ளலாம். 2020-இல் வந்த ரெடிஸ் 6-ஆம் பதிப்பு வேறு வழி கண்டது. யார் எதனைப் படித்தார் என்பதைத் தலைமையே நினைவில் வைத்து, அது மாறியவுடன் ‘உம்மிடமுள்ளது பழையது’ என்று தானே அறிவிக்கும்.

கேளாமலே அறிவிக்கும் முறையின் அருமையை நம் கடற்கரையார் நன்கறிவர். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வில்லியனூரை மையமாகக்கொண்டு புதுவைக் கிராமங்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கினர். அரசாங்க உதவித் திட்டங்களின் விவரத்தை ஒருமுறை தொகுத்து வைத்துப் பலநாள் பயன்படுத்தலாம். வீராம்பட்டினத்து மீனவர்க்கு ஒலிபெருக்கியில் அறிவித்த அலையுயரக் குறிப்போ அன்றன்று புதிதாகப் பெறவேண்டியது. தவளக்குப்பத்தை அடுத்த நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26 காலை நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நிலையத்து ஒலிபெருக்கி முழங்க, மக்கள் கரையை விட்டு அகன்று பிழைத்தனர். சேமித்து வைத்த குறிப்பு எதுவும் அன்று உதவியிராது.

ஆதலின், மென்பொருள் இயற்றப் புகும் நம் மாணவர், தரவுத்தளத்தின் ஒவ்வோர் அட்டவணைக்கும் நேரே ‘எத்துணை நேரம் பழையதாயிருக்கலாம்?’ என்றொரு கட்டம் வரைந்து, அதனைக் கடைக் கணக்கரிடம் கொடுத்து நிரப்பச் செய்க. ஊர்ப்பெயர்களுக்கு அவர் ஒரு மாதம் என்பார். சரக்கின் பெயருக்கு ஒரு நாள் என்பார். வரி விகிதத்திற்கு, மாறும் நாளைக் குறித்து முன்னதாகவே தெரிவிக்கச் சொல்வார். கடனுக்கு வாங்குவோரின் பாக்கித் தொகைக்கு நேரே, பேனாவை எடுத்தவுடன், பூஜ்யம் என்றே எழுதுவார்.